குண்டு பல்பைக் கழற்றும் முன்

பழைய காரில் எல்இடி போடலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: பின்னால் தாராளமாகப் போடுங்கள், டேஷ்போர்டில் யோசித்துப் போடுங்கள், ஹெட்லைட்டில் கை வைக்காதீர்கள். கேட்டவர் பெரும்பாலும் முகத்தைச் சுளிப்பார், ஏனென்றால் அவர் மாற்ற நினைத்ததே ஹெட்லைட்டைத்தான். எனக்கு அது புரிகிறது. ராத்திரியில் பழைய கார் ஓட்டினால் முன்னால் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் 50, 60, 70-களில் வந்த கார்களில் குண்டு பல்பு வெளிச்சம் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. இன்டிகேட்டர் எவ்வளவு வேகத்தில் மினுக்க வேண்டும், பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்நேட்டர் எப்போது சார்ஜ் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பல்பில் ஓடும் கரண்டை நம்பித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டால் சர்க்யூட்டில் ஒரு பாகத்தையே மாற்றியதாகிவிடும். பலருக்கு வரும் தலைவலி முழுக்க இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அசல் அப்படியே இருக்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் கார் என்றால் குண்டு பல்பே இருக்கட்டும், அழகாகவும் இருக்கும். ஆனால் இருட்டிய பிறகு, மழையில், மற்ற வண்டிகளோடு வண்டியாக ஓடும் கார் என்றால் கதை வேறு. பின்னால் வருகிறவர் இன்றைய கார்களின் பளிச்சென்ற சிவப்புக்குப் பழகிய கண்ணோடு வருகிறார். நம் காரின் எலுமிச்சை அளவு டெயில் லைட்டுக்குள் 5 வாட் பல்பு, அதற்கு மேல் ஐம்பது வருஷ வெயிலில் மங்கிய சிவப்பு மூடி. அவர் நம்மைப் பார்க்கவில்லை என்றால் குற்றம் முழுக்க அவருடையது இல்லை.

பிரகாசத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேகம். குண்டு பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரச் சுமார் 0.2 நொடி பிடிக்கும், எல்இடிக்கு அந்தத் தாமதமே இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் வண்டி 0.2 நொடியில் நாலரை மீட்டர் ஓடிவிடும், அதாவது கிட்டத்தட்ட ஒரு காரின் நீளம். நாம் பிரேக்கை மிதித்ததை அவர் அவ்வளவு தூரம் முன்னாடியே பார்க்கிறார் என்றால், மற்றதெல்லாம் அப்புறம், இதற்காகவே பிரேக் லைட்டை மாற்றலாம்.

இரண்டாவது காரணம் கரண்ட். ஆல்டர்நேட்டருக்கு முன்பு அதே வேலையைச் செய்த டைனமோ வைத்த கார்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். முன்னும் பின்னும் நான்கு பார்க் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர்களுக்குள் இருக்கும் குட்டி பல்புகள் எல்லாம் சேர்ந்து 35 வாட்டுக்குக் குறையாது. பிரேக்கை மிதித்தால் இன்னொரு 42. ஹெட்லைட் டிம்மில் 80. இது போக இக்னிஷன் காயில், வைப்பர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சாகச் சுற்றினாலும் 22 ஆம்பியர்தான், ஐடிலில் அது கொடுப்பது அனேகமாக ஒன்றுமில்லை. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது எல்லாமே பேட்டரியில் இருந்துதான் போகிறது. ஹெட்லைட் தவிர மற்றதை எல்இடியாக்கினால் ஏறக்குறைய 65 வாட், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மிச்சம். ஆல்டர்நேட்டர் வைத்த காருக்கு இது பெரிய விஷயமில்லை. டைனமோ காரில், நிற்கும்போது ஹெட்லைட் மஞ்சளாகிச் சோர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த 5 ஆம்பியரின் அருமை தெரியும்.

சரி, வாங்கலாம் என்று கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. பல்பு ஹோல்டரைப் பாருங்கள். பிரேக் லைட் பல்பை உள்ளே அழுத்தித் திருப்பிக் கழற்றினால், அடியில் ஒரு பழுப்பு நிற ஃபைபர் தட்டு, அதில் பித்தளைப் பொட்டுகள், அதற்குக் கீழே ஒரு ஸ்பிரிங். பொட்டுகள் கறுத்திருக்கும், ஸ்பிரிங் துருப்பிடித்து விறைப்பு போயிருக்கும், ஹோல்டரின் உட்சுவரில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். அந்த உட்சுவர்தான் பல்புக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஹோல்டரில் இருந்து ரிஃப்ளெக்டர் தகடு, தகட்டில் இருந்து ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவில் இருந்து பாடி என்று மூன்று நான்கு இடம் தாண்டித்தான் அந்த எர்த் பேட்டரிக்குப் போய்ச் சேர்கிறது, நடுவில் யாராவது பெயின்ட் அடித்திருந்தால் அதோடு போச்சு.

மல்டிமீட்டரை எடுத்து, லைட் எரியும்போது பல்பின் உலோக உறைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து சப்ளைப் பக்கமும் இதே மாதிரி. குண்டு பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் 3.4-ஆம் அடுக்கில் ஏறி இறங்கும், அதாவது வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக. 13.5 வோல்ட் போக வேண்டிய பல்புக்கு 11.5 போனால் குறைவது 15 சதவீத வோல்ட்டேஜ்தான், வெளிச்சமோ 60 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உப்புத்தாளால் தேய்த்து, புது எர்த் வயர் ஒன்று இழுத்து, ரிஃப்ளெக்டருக்கு வெள்ளி பெயின்ட் அடித்த பிறகு பார்த்தால், எல்இடி தேடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தேடலை நிறுத்திவிடுவார்கள் என்பது என் சந்தேகம். நிறுத்தாதவர்களுக்கும் இந்த வேலை வீண் இல்லை. எர்த் சரியில்லாத காரில் எல்இடி போட்டால் கோளாறு மறைந்துகொள்ளும். கொஞ்சம் கரண்ட் போனாலே அது எரிந்துவிடும் என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், பிறகு ஒரு நாள் பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டரும் சேர்ந்து லேசாக மினுங்கும், எங்கே என்று தேடுவீர்கள்.

இனி பல்பு. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கார் எத்தனை வோல்ட், எர்த் எந்தப் பக்கம். அமெரிக்காவில் விற்ற வோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாடல் வருஷத்தில் 12 வோல்ட்டுக்கு மாறும்வரை 6 வோல்ட்தான். பிரிட்டிஷ் கார்கள் பல 60-களின் நடுப்பகுதி தாண்டியும் பாசிட்டிவ் எர்த்தோடு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் மாட்டி, வந்தன, எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் அதை விட்டதே 1967-இல்தான். குண்டு பல்புக்கு எந்தப் பக்கத்தில் இருந்து கரண்ட் வந்தாலும் ஒன்றுதான். எல்இடி ஒரு டயோடு, ஒரு திசையில்தான் எரியும். அழுத்தித் திருப்பி மாட்டும் பேயோனெட் பல்பில் உறை எர்த், அடிப்பொட்டு சப்ளை என்பதால் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் வழி கிடையாது. பாசிட்டிவ் எர்த்துக்கென்றே விற்கும் பல்பு வாங்க வேண்டும், இல்லையென்றால் எந்தப் பக்கமும் எரியும்படி உள்ளே நான்கு டயோடு வைத்த ரகம். இரண்டாவது ரகத்தில் அந்த டயோடுகளே ஒன்றரை வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். 12 வோல்ட்டில் அது தெரியாது, 6 வோல்ட் காரில் நன்றாகவே தெரியும், அதனால் 6 வோல்ட்டுக்கென்று செய்ததை மட்டும் வாங்குங்கள்.

அடிப்பகுதியின் அளவுகள் குழப்பும், ஆனால் பழைய கார்களில் திரும்பத் திரும்ப வருவது நான்கைந்துதான். பிரேக், இன்டிகேட்டருக்கு ஒற்றை இழை 21 வாட் பல்பு, அதன் அடி பிஏ15எஸ். பார்க்கும் பிரேக்கும் ஒரே பல்பில் என்றால் பிஏஒய்15டி, அதன் இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, தப்பாக மாட்டக் கூடாது என்பதற்காகவே அப்படி. மீட்டர்களுக்கும் சின்ன பார்க் லைட்டுக்கும் பிஏ9எஸ், அல்லது ஈ10 என்ற திருகு வகை. உள் லைட்டுக்கு இரண்டு முனையிலும் தொப்பி வைத்த ஃபெஸ்டூன், அதன் நீளத்தை அளந்துதான் வாங்க வேண்டும். எல்இடி பல்புகளின் தலை பல சமயம் கண்ணாடி பல்பைவிட நீளம். சின்ன டெயில் லைட்டில் மூடியை மாட்டும்போது இடிக்கும், அழுத்தி ஸ்க்ரூ போட்டால் பழைய பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும், அப்புறம் அந்த மூடியைத் தேடி அலைய வேண்டியதுதான்.

நிறம். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சிவப்பு மூடி இருக்கிறதே, உள்ளே வெள்ளை போட்டால் சிவப்பாகத்தானே வரும் என்று நினைப்பது நியாயமாகத்தான் தோன்றும், குண்டு பல்பில் அப்படித்தான் நடந்தது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு ஏராளம், மூடி மற்ற நிறங்களைத் தடுத்துவிட்டுச் சிவப்பை வெளியே விடும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் நீலமும் மஞ்சளும் அதிகம், ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்பு மூடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை ரோஸ் கலராக வெளியே விடும். பெட்டியில் போட்டிருந்த வெளிச்சக் கணக்கெல்லாம் அங்கேயே காலி. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி, ஆரஞ்சு மூடிக்கு ஆரஞ்சு எல்இடி, இதுதான் விதி. வெள்ளை மூடி இருக்கும் முன் பார்க் லைட்டுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த வெள்ளை. 6000 கெல்வின் வாங்கினால் அழகான பழைய காரின் முகத்தில் பல் டாக்டர் கிளினிக் வெளிச்சம் வந்து உட்காரும்.

இதில் ஒரு பொறி உண்டு. பல பழைய கார்களில் டெயில் லைட்டின் பக்கத்திலோ அடியிலோ ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், கண்ணாடி நிறமற்றது, நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் அதன் வழியாகத்தான் விழுகிறது. அங்கே சிவப்பு எல்இடி போட்டால் நம்பர் பிளேட் சிவப்பாகிவிடும். தலையில் சிவப்பும் கீழ்ப்பக்கம் நோக்கிச் சில வெள்ளைத் துளிகளும் வைத்த பல்புகள் இதற்கென்றே வருகின்றன. மூடியைக் கழற்றி நன்றாகப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

வெளிச்சம் எந்தத் திசையில் போகிறது என்பதும் நிறத்துக்குச் சமமாக முக்கியம். பழைய டெயில் லைட்டின் ரிஃப்ளெக்டரும் மூடியின் உட்புறக் கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழையை மனதில் வைத்து வார்க்கப்பட்டவை. இழை எல்லாப் பக்கமும் ஒளிவிடும், பக்கவாட்டில் போவதை ரிஃப்ளெக்டர் வாங்கிப் பின்னோக்கி அனுப்பும். நுனியில் மட்டும் எல்இடி வைத்த மலிவு பல்பைப் போட்டால் ரிஃப்ளெக்டர் சும்மா கிடக்கும், நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும், நேர் பின்னால் நிற்பவருக்குக் கண் கூசும், இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. சுற்றிலும் எல்இடி வைத்த ரகம்தான் வேண்டும், அந்த எல்இடிகள் இழை இருந்த உயரத்திலேயே இருக்க வேண்டும். பழைய பல்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் இது கண்ணிலேயே தெரிந்துவிடும்.

பார்க்கும் பிரேக்கும் சேர்ந்த பல்பில் இன்னும் ஒரு சங்கதி. 21/5 வாட் குண்டு பல்பில் பிரேக் இழை 440 லூமன், பார்க் இழை 35 லூமன். பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பின்னால் வருகிறவர் நாம் பிரேக் போட்டோம் என்று தெரிந்துகொள்வது அந்த வித்தியாசத்தை வைத்துத்தான். மலிவான எல்இடி பல்புகளில் பார்க்கே பளபளவென்று எரியும், பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நண்பன் ஒருவனைப் பத்துப் பன்னிரண்டடி தள்ளிப் பின்னால் நிறுத்தி, பார்க் லைட்டைப் போட்டு, நான் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டேன். “எப்படா பிரேக் போடப் போறே?” என்று கேட்டான். அந்த ஜோடி பல்பு திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது. சோதனையைப் பகல் வெயிலிலும் ஒருமுறை, இருட்டிலும் ஒருமுறை செய்யுங்கள். இருட்டில் எல்லா பல்பும் நன்றாகத்தான் தெரியும், அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இன்டிகேட்டருக்கு வருவோம். எல்இடி போட்டதும் முதலில் மக்கர் பண்ணுவது இதுதான்.

இன்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய ஃபிளாஷர் ஒரு குட்டி அலுமினிய டப்பா, உள்ளே கரண்ட் போனால் சூடாகி வளையும் ஒரு தகடோ நீளும் ஒரு கம்பியோ இருக்கும். முன்னே 21 வாட், பின்னே 21 வாட், மொத்தம் 42 வாட்டுக்கான மூன்றரை ஆம்பியர் அதன் வழியே போகும்போது அது சூடாகித் தொடர்பை மாற்றும், ஆறும், மறுபடி சூடாகும். டிக் டிக் என்று நமக்குக் கேட்பது அந்தத் தகட்டின் சத்தம். எல்இடி பல்பு இரண்டுக்கும் சேர்த்து அரை ஆம்பியர்கூடப் போகாது. தகடு சூடாவதற்கு அது போதாது. அதனால் இன்டிகேட்டர் ஒன்று எரியவே எரியாது, இல்லை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பிற்காலத்து எலக்ட்ரானிக் ஃபிளாஷர் என்றால் ஒரு பல்பு போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கும்.

இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஒவ்வொரு இன்டிகேட்டருக்கும் பக்கத்தில் 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, குண்டு பல்பு இழுத்த கரண்டை இதை இழுக்க வைப்பது. நடக்கும். ஆனால் அந்த ரெசிஸ்டர் 30 வாட்டை வெறும் சூடாக வெளியே தள்ளும், பிளாஸ்டிக்கைத் தொட்டால் உருக்கிவிடும், மிச்சப்படுத்திய கரண்டெல்லாம் அதிலேயே போய்விடும். கரண்ட் குறையட்டும் என்று எல்இடி போட்டுவிட்டு, கரண்டை வீணாக்க ரெசிஸ்டர் போடுவதில் எனக்கு எந்த அர்த்தமும் தெரியவில்லை. இரண்டாவது வழி, எவ்வளவு கரண்ட் போனாலும் ஒரே வேகத்தில் மினுக்கும் எலக்ட்ரானிக் ஃபிளாஷர். இதுதான் சரியான வழி. வேகம் நிமிஷத்துக்கு 60 முதல் 120-க்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, நல்ல ஃபிளாஷர்கள் 90-ஐ ஒட்டி இருக்கும். இதில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக ஓர் எர்த் வயர் தேவைப்படும், பழைய டப்பா இருந்த இடத்தில் அது இருக்காது, பக்கத்து ஸ்க்ரூவில் இருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். முனைகளின் பெயர்களைப் படித்துவிட்டு மாட்டுங்கள்: பழைய பிரிட்டிஷ் டப்பாவில் பி, எல், பி என்று இருக்கும் (முதல் பி பேட்டரி, எல் லைட், கடைசி பி டேஷ்போர்டு அறிகுறி விளக்கு, ஆங்கிலத்தில் வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இப்படி மாட்டிக்கொள்கிறது), ஜெர்மன் முறையில் 49, 49ஏ, 31. பாசிட்டிவ் எர்த் காருக்கு அதற்கென்று தனி ஃபிளாஷர்.

ஃபிளாஷர் மாற்றியாகிவிட்டது, இடது இன்டிகேட்டரைப் போடுகிறீர்கள், நான்கு பக்கமும் சேர்ந்து மினுக்குகிறது. வயரிங்கில் ஷார்ட் என்று நினைத்து டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம். இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே ஓர் அறிகுறி விளக்கு இருக்கும் பல கார்களில் அதன் ஒரு கால் இடது இன்டிகேட்டர் வயரிலும் மறு கால் வலது வயரிலும் மாட்டியிருக்கும், பாடிக்கு எர்த்தே கிடையாது. இடது போடும்போது கரண்ட் இடது வயரில் இருந்து இந்தக் குட்டி பல்பு வழியாக வலது வயருக்குப் போய், அங்கே அணைந்திருக்கும் 21 வாட் பல்புகளின் இழை வழியாக எர்த்துக்கு இறங்கும். வலது போட்டால் எதிர்த் திசையில். 2 வாட் குட்டி பல்பின் வழியே வரும் 0.16 ஆம்பியரை வைத்து 21 வாட் இழை ஒன்றும் எரிந்துவிடாது, அது வெறும் வயர்போல் சும்மா இருக்கும். ஒரு டயோடுகூட இல்லாமல், ஒரு வயர் மிச்சம் பிடித்து, எவ்வளவு சாமர்த்தியமாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. அந்த இடத்தில் எல்இடி வந்ததும் சாமர்த்தியம் கவிழ்ந்துவிடுகிறது, ஏனென்றால் எல்இடிக்கு அந்த 0.16 ஆம்பியரே சாப்பாடு. அதனால்தான் எதிர்ப்பக்கமும் எரிகிறது.

தீர்வு சின்னது. 1என்4001 என்ற சாதாரண டயோடு இரண்டு. ஒன்றை இடது வயரில் இருந்து, மற்றொன்றை வலது வயரில் இருந்து கொண்டுவந்து, கோடு போட்டிருக்கும் முனைகள் இரண்டையும் சேர்த்து அறிகுறி விளக்கின் ஒரு காலில் கொடுங்கள். விளக்கின் மறு காலைப் பாடிக்கு எர்த் செய்யுங்கள். பாசிட்டிவ் எர்த் என்றால் டயோடுகளைத் திருப்பிப் போட வேண்டும். வெட்டவெளியாக விடாமல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது.

டேஷ்போர்டில் இருக்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: சிவப்பு இக்னிஷன் விளக்கை, அதுதான் சார்ஜ் விளக்கை, தொடாதீர்கள். ஆல்டர்நேட்டர் வைத்த பழைய கார்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சின்ன கரண்ட்தான் ஆல்டர்நேட்டரின் காந்தத்தை முதலில் எழுப்பிவிடுகிறது. எல்இடி போட்டால் அந்தக் கரண்ட் சுருங்கிவிடும், இன்ஜின் ஓடும், ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்து ஒருமுறை உறும விடும்வரை சார்ஜ் ஏறாது. ஆல்டர்நேட்டர் போய்விட்டது என்று கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்தால் அது நன்றாகத்தான் இருக்கும். டைனமோ காரில் இந்தப் பிரச்சினை இல்லை, வேறொன்று உண்டு: அங்கே அந்த விளக்கு பேட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவே தொங்குகிறது, இரண்டின் வோல்ட்டேஜும் கொஞ்சம் வேறுபட்டாலே எல்இடி மங்கலாக மினுங்கிக்கொண்டு நம் நிம்மதியைக் கெடுக்கும். இரண்டு வகை காரிலும் அந்த ஒரு பல்பு குண்டு பல்பாகவே இருக்கட்டும்.

மீட்டர் விளக்குகளை மாற்றுவது உங்கள் இஷ்டம். நன்மை உண்டு, குண்டு பல்பின் சூட்டில் மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் வருஷக்கணக்கில் வறண்டு போகின்றன, எல்இடி அவ்வளவு சுடாது. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் இருந்தால் அது அனேகமாக வேலை செய்யாது, சில ஓம் கம்பியை வைத்து அதிகக் கரண்டைக் குறைக்கத்தான் அது இருக்கிறது. பச்சை, நீல வடிகட்டி வைத்த மீட்டர்களில் குளிர் வெள்ளை போட்டால் நிறமே மாறிப்போகும். நான் மீட்டர்களில் மஞ்சள் கலந்த வெள்ளை போட்டிருக்கிறேன், பார்ப்பவர்களுக்கு மாற்றியதே தெரியவில்லை, அதுவே எனக்குப் போதும்.

இனி ஹெட்லைட். ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், டெயில் லைட் நம்மைக் காட்டுவதற்கு, ஹெட்லைட் ரோட்டைக் காட்டுவதற்கு, அதுவும் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தாமல். 45/40 வாட் பழைய பல்பிலும், 1971-இல் வந்த ஹெச்4 ஹாலஜனிலும், டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகடு இருக்கும், ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் போக வேண்டும் என்பதற்காக. எதிர் வண்டிக்காரரின் கண்ணுக்குக் கீழே வெளிச்சம் கோடு கிழித்தாற்போல் நிற்பது அந்தத் தகட்டாலும் இழையின் துல்லியமான இடத்தாலும்தான். எல்இடி பல்பில் அந்த இழைக்குப் பதில் ஒரு தடித்த பலகை, அதன் இரு பக்கமும் சில்லுகள். ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலே ஒளி வேறெங்கோ போய் விழும். சுவரில் அடித்துப் பார்த்தால் கோடு கலைந்து மேலே சிதறுவது தெரியும். இதைவிட மோசம், ஓட்டுகிறவருக்கு அது நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவது. பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், அந்த வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கிக்கொள்ளும், அதற்கு அப்பால் இருட்டில் நிற்பது முன்னைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 2020-இல்தான் ஆஸ்ராம் நிறுவனத்தின் ஹெச்7 வகை எல்இடி பல்புக்கு, அதுவும் பட்டியலில் உள்ள கார் மாடல்களுக்கு மட்டும், அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் 1986 ஏப்ரல் 1 முதல் புழக்கத்துக்கு வந்த கார்களின் ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு இருந்தால் வருடாந்திரச் சோதனையில் தேறாது, அதற்கு முந்தைய கார்களுக்கு அந்தத் தடை இல்லை. தடை இல்லை என்பதற்காக ரிஃப்ளெக்டர் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. தனி லென்ஸோடு முழுதாக வரும் 7 அங்குல எல்இடி ஹெட்லைட்டுகள் உண்டு, அங்கீகார முத்திரை உள்ளவை ஒளியை ஒழுங்காகவே விழ வைக்கும். பழைய காரின் முகத்தில் அது பொருந்துமா என்பது ரசனைச் சண்டை, என் ரசனைக்குப் பொருந்தவில்லை.

நான் சொல்வது ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய கார்களில் ஹெட்லைட்டின் மொத்த கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக, டிம்மையும் பிரைட்டையும் மாற்றும் டிப்பர் சுவிட்ச் வழியாக, மெல்லிய வயரில் காரைச் சுற்றிவிட்டுத்தான் முன்னால் வருகிறது. வழியில் ஒன்றரை இரண்டு வோல்ட் தொலைவது சாதாரணம். பேட்டரியில் இருந்து நேராக ஃபியூஸ், தடித்த வயர், டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே, பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யட்டும். அதோடு ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் புது ஹெச்4 ரிஃப்ளெக்டர், நல்ல 60/55 வாட் ஹாலஜன். பின்னால் எல்இடி போட்டு மிச்சமான 5 ஆம்பியரில் ஒரு பகுதியை இங்கே செலவழிக்கலாம்.

சில உதிரி விஷயங்கள். குண்டு பல்பின் சூடு லைட்டுக்குள் இறங்கும் ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது, எல்இடி அதைச் செய்யாது, அதனால் மூடியின் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள், அடியில் ஈரம் வடியும் ஓட்டை இருந்தால் அடைப்பை எடுத்துவிடுங்கள். பிரேக் லைட் சுவிட்ச் இனி நீடித்து உழைக்கும், ஆறிப்போன இழை பற்றும்போது இழுக்கும் பத்து மடங்கு கரண்டின் தீப்பொறி இல்லாததால். மலிவு எல்இடிகள் ரேடியோவில் இரைச்சலைக் கொண்டுவரும், டைனமோ ரெகுலேட்டரின் வோல்ட்டேஜ் குதிப்பில் சீக்கிரம் செத்தும் போகும். இந்த ஒரு பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம். கழற்றிய குண்டு பல்புகளையும் பழைய ஃபிளாஷர் டப்பாவையும் தூக்கிப்போடாமல் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எல்இடி ஒன்று போனால் குண்டு பல்பை மாட்டி வீடு வந்து சேரலாம், புது ஃபிளாஷருக்கு இரண்டும் ஒன்றுதான். புது ஃபிளாஷரே போய்விட்டால் மட்டும் பழைய டப்பாவோடு இரண்டு பக்கத்து இன்டிகேட்டர் பல்புகளையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.